இல்லாத கியர்

மகள் கார் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், இரண்டு பக்கமும் காது மடல் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் கறுப்புப் பட்டைகளின் மேல் கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் அப்படியே இருந்தது. வலது பட்டையில் கூட்டல் குறி, இடது பட்டையில் கழித்தல் குறி.

"இது என்னம்மா?"

"பேடில் ஷிஃப்டர்ப்பா. கியர் மாத்தறது."

"ஆட்டோமேட்டிக்னு சொன்னியே?"

"ஆட்டோமேட்டிக்தான்."

"அப்புறம் எதுக்குக் கியர் மாத்தணும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மாத்த வேண்டாம்ப்பா. வேணும்னா மாத்திக்கலாம்."

பின்சீட்டிலிருந்து மருமகன், "டாப் மாடல்ல மட்டும்தான் வரும் மாமா" என்றார். அதற்குமேல் விளக்கம் இல்லை. எங்கள் வீட்டு டேபிள் டாப் கிரைண்டரோடு வந்த தேங்காய்த் துருவி, உறை பிரிக்காமல் இருபது வருடமாகப் பரணில் இருக்கிறது. அதுவும் டாப் மாடலில் மட்டும் வந்ததுதான். ஆகவே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் கியர் போடக் கற்றுக்கொண்டது 1979-இல், நாமக்கல்லில். பெரியப்பாவுக்கு லாரி ஆபீஸ். லாரிகள் ஊரூராகப் போய் சம்பாதிக்கும். அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு அம்பாசடர் மார்க் 2 வாசலில் நிற்கும். அதை ஓட்டியவரை நாங்கள் டிரைவரண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். லாரியில் கல்கத்தா வரை போய் வந்தவர். இடுப்பு வலி வந்து காருக்கு இறங்கியவர். காரை அவர் ஒரு வண்டியாகவே மதித்ததில்லை. லாரிக்குப் பிறந்த பிள்ளை போல அதைப் பார்ப்பார், கொஞ்சம் செல்லமாக, கொஞ்சம் ஏமாற்றமாக.

அந்த வண்டியில் கியர் தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டிலிருந்து இடது பக்கமாக ஒரு கம்பி நீண்டிருக்கும், நுனியில் ஒரு குமிழ். முன்சீட் திண்ணை போல ஒரே நீளம். நடுவில் எதுவும் துருத்திக்கொண்டிருக்காததால் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், நான்கு பேர் உட்காருவோம். கல்யாணச் சீசனில் டிரைவரண்ணன் பாதி உடம்பைக் கதவுக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் ஓட்டுவார்.

வசதி உள்ளே இருந்தது, வினை பானெட்டுக்கு அடியில். கியர் பெட்டி ஓர் ஊர், கியர் ராடு இன்னோர் ஊர். இரண்டுக்கும் நடுவே இணைப்புக் கம்பிகள் போகும். மூட்டுகளெல்லாம் தேய்ந்த பிறகு கையில் ஒரு கியரைப் போட்டால் அடியில் வேறொன்று விழும். சில நேரம் இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டு வண்டி அசையாது. டிரைவரண்ணன் பதறமாட்டார். பீடியை உதட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு இறங்குவார், பானெட்டைத் தூக்குவார், கையை உள்ளே விட்டு ஒரு கம்பியை மேலே இழுத்து இன்னொன்றைக் கீழே அமுக்குவார். "டக்" என்று ஒரு சத்தம். பானெட்டை மூடிவிட்டு வந்து உட்காருவார். சேந்தமங்கலம் ரோட்டில் இதற்கென்றே ஒரு புளியமரம் உண்டு. வண்டி ஏனோ பெரும்பாலும் அந்த நிழலுக்கு வந்த பிறகுதான் மாட்டிக்கொள்ளும். அதை அவருடைய இரக்கம் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் கியரில் ஒரு சங்கதி. மேலே உள்ள மூன்று கியர்களுக்கும் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் ஏற்பாடு பெட்டிக்குள்ளேயே இருந்தது, முதல் கியருக்கு மட்டும் கிடையாது. ஓடும்போது அதைப் போட வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். கிளட்சை மிதி, நியூட்ரலுக்குக் கொண்டுவா, கிளட்சை விடு, ஆக்சிலேட்டரை ஒரு உறுமு உறுமவிடு, திரும்பக் கிளட்சை மிதி, இப்போது தள்ளு. எழுதி முடிப்பதற்குள் மேட்டில் வண்டி நின்றுவிடும். இத்தனையும் ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் பெட்டிக்குள் "கர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். ரோட்டோரம் நிற்கும் ஆடுகூடத் திரும்பிப் பார்க்கும். கடைக்காரர் பார்ப்பார். டிரைவரண்ணன் மட்டும் என்னைப் பார்க்கமாட்டார். முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி, "பல்லு அரைச்சு மாவு வருதுங்க தம்பி, அம்மாகிட்டக் குடுத்தா தோசை ஊத்தலாம்" என்பார்.

எந்த கியரை எப்போது போடுவது என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்: "வண்டி சொல்லும் தம்பி. காதைக் குடுங்க." ஆறு மாதம் காதைக் கொடுத்தேன். வண்டி எதுவும் சொல்லவில்லை. ஏழாம் மாதம் ஒருநாள் கொல்லிமலை ஏற்றத்தில், முக்கிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று தொண்டை மாறிப் பேசியது. என்னை அறியாமல் கை கியரை இறக்கிவிட்டது. சத்தமே இல்லை. வெண்ணெயில் கரண்டி இறங்கியது மாதிரி. அவர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. பீடியை மட்டும் வெளியே எறிந்தார். எனக்குக் கிடைத்த டிகிரிகளில் அதுதான் பெரிது. பி.காம். சான்றிதழ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இறங்கும்போது இன்னொரு பாடம். லாரிக்காரர்கள் சிலர் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் அடித்துவிடுவார்கள். சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு போகும். மிச்சம் பிடித்த டீசலை என்ன செய்தார்கள் என்று சொல்ல அவர்களில் சிலர் வீடு வந்து சேர்ந்ததில்லை. டிரைவரண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது இதில்தான். "ஏறுன கியர்லயே எறங்கணும். எஞ்சின் புடிச்சுக்கும். பிரேக்கை நம்பி மலை எறங்கறவன் கடன்காரனை நம்பிக் கல்யாணம் வெச்ச மாதிரி." பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அதற்கு முன்னால் கருகின வாசனை வரும். அந்த வாசனையை எனக்குக் காட்டுவதற்காகவே ஒருமுறை அடிவாரத்தில் நின்றிருந்த ஒரு வேன் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். பூக்கடைக்குக் கூட்டிப்போவது மாதிரி.

1989-இல் அந்த வண்டியை விற்றோம். பெரியப்பா போய்ச் சேர்ந்திருந்தார். வாங்க வந்த பந்தல்காரர் டயரைத் தட்டிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "கியரு ஸ்டியரிங்ல இருக்குதுங்களே. பழைய காலத்து வண்டிங்க. இப்பல்லாம் மாருதி மாதிரி கீழ இருந்தாத்தான் மதிப்பு." அந்த ஒரு காரணத்துக்காக விலையில் இரண்டாயிரம் குறைத்தார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. அந்தக் கம்பிகளோடு நான் பட்டது எனக்குத்தானே தெரியும்.

அதே 1989, மார்ச் 26. பிரேசிலில் ரியோ நகரத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம். ஃபெராரி 640 என்றொரு புதுக் கார். அதன் வடிவமைப்பாளர் ஜான் பர்னார்டுக்கும் கியர் கம்பி என்றால் ஆகாது. டிரைவர் கையிலிருந்து பின்னால் கியர் பெட்டி வரை ஒரு ராடு போக வழி விட்டால் காரின் உடல் அகலமாகிவிடுகிறதே என்பது அவர் கவலை. ராடையே தூக்கிவிட்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பட்டைகள்: வலதை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். மின்சாரம் செய்தி சொல்லும், எண்ணெய் அழுத்தம் வேலையைச் செய்யும். சோதனை ஓட்டங்களில் அது ஒழுங்காக ஓடியதே அபூர்வம். ஓட்டிய நைஜல் மான்செல், எப்படியும் பாதியில் நின்றுவிடும் என்று நம்பி, ஊருக்குச் சீக்கிரமே கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தாராம். பந்தயத்தின் நடுவில் ஸ்டியரிங்கையே கழற்றி வேறு மாட்ட வேண்டியிருந்தது. கடைசியில் அவர்தான் ஜெயித்தார், விமானம் போய்விட்டது.

ரியோவில் கியரை ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்தவரை உலகம் மேதை என்றது. நாமக்கல்லில் கியரை ஸ்டியரிங்கில் வைத்திருந்தவனுக்கு இரண்டாயிரம் நஷ்டம். பந்தல்காரருக்கு யாரும் ஃபெராரியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை, எனக்கும்தான்.

பிறகு தரை கியர் காலம். மாருதி 800-இல் குட்டையாக ஒரு குச்சி, நாலு கியர், விரல் பட்டால் விழும். பதினைந்து வருடம் அதைப் பற்றிச் சொல்ல ஒரு கதைகூடக் கிடைக்கவில்லை. நல்ல வண்டி என்றால் அப்படித்தான்.

2014 ஒரு வினோதமான வருடம். உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் நின்றதும் அந்த வருடம்தான், கிளட்ச் பெடல் இல்லாமல் செலேரியோ என்ற சின்னக் கார் வந்ததும் அந்த வருடம்தான். உள்ளே சாதாரண கியர் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி நமக்காகப் போட்டுவிடும். அந்தக் கருவியைக் கொடுத்தது மேக்னெட்டி மாரெல்லி என்ற இத்தாலிய நிறுவனம், அன்று ரியோவில் ஃபெராரிக்கு மின்னணு மூளை கொடுத்த அதே நிறுவனம். மான்செலின் கியர் இருபத்தைந்து வருடத்தில் காய்கறி வாங்கப் போகும் காருக்கு வந்து சேர்ந்தது.

என் இடது முழங்காலும் ஏறக்குறைய அப்போதுதான் பேச ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கிளட்ச் மிதிக்கறத நிறுத்துங்க" என்றார். முப்பத்தைந்து வருடம் ஒரு காலை மட்டும் தேய்த்திருக்கிறேன். வண்டியின் மூட்டுகள் தேய்ந்தது போக என் மூட்டும். பானெட்டைத் திறந்து இழுத்துவிட முடியாது, அதுதான் வித்தியாசம்.

ஆட்டோமேட்டிக் ஓட்டிய முதல் நாள், சிக்னலில் வேகம் குறைந்ததும் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துவிட்டது. மனைவியின் மடியிலிருந்த சாம்பார் தூக்கு டாஷ்போர்டைப் பார்க்கப் போனது. அதற்கப்புறம் இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். வேலை போன குமாஸ்தா மாதிரி அது அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

போன வருடம், ஆடிப் பதினெட்டுக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, மகள் கொல்லிமலை போகலாம் என்றாள். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, அப்படியே நல்ல மிளகு கொஞ்சம். மலையில் அவளுக்குப் பயம். என்னையே ஓட்டச் சொன்னாள். அடிவாரத்தில் காரவள்ளி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, முதல் வேலையாக அந்த இரண்டு பட்டைகளின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தேன். மகள் பார்த்த பார்வையில், புதுச் சோபாவின் உறையைக் கழற்றிய குற்றம் எனக்கு.

காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். டிரைவரண்ணன் காலத்தில் எண்ணியதில்லை, எண்ணியிருந்தால் ஏறியிருக்கமாட்டோம். இப்போது ஒவ்வொரு வளைவிலும் எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று பலகை சொல்கிறது, பரீட்சை ஹாலில் மணி அடிக்கிற மாதிரி.

முதல் வளைவுக்கு முன்னால் இடது பட்டையை ஒரு சொடுக்கு சொடுக்கினேன். டாஷ்போர்டில் 4 என்று இருந்தது 3 ஆனது. இன்னொரு சொடுக்கு, 2. சத்தமில்லை, உதறல் இல்லை. கிளட்ச் இல்லை, காது இல்லை, ஆறு மாதம் இல்லை. ஆகா என்று சொல்ல வாயெடுத்தேன். பின்சீட்டிலிருந்து மருமகன், "மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? இது சிவிடி. இதுல கியரே கிடையாது" என்றார்.

மனிதர் இன்ஜினியர், பொறுமையாகச் சொன்னார். உள்ளே பல் சக்கரங்களை மாற்றும் வேலையே இல்லை. இரண்டு கப்பிகள், நடுவே ஒரு எஃகுப் பட்டை. ஒவ்வொரு கப்பியும் முகம் பார்த்து நிற்கும் இரண்டு கூம்புத் தட்டுகள். தட்டுகள் விலகினால் பட்டை உள்ளே இறங்கும், நெருங்கினால் விளிம்புக்கு ஏறும். ரைஸ் மில்லில் பெல்ட்டைச் சின்னக் கப்பியிலிருந்து பெரிய கப்பிக்குத் தள்ளுவார்களே, அதேதான். ஆனால் படிப்படியாக இல்லை, வழுக்கிக்கொண்டே போகும். படி இல்லாத மாடி. இதுவும் புதிதில்லையாம், ஹாலந்தில் டாஃப் என்ற கம்பெனி 1958-லேயே ரப்பர் பெல்ட் போட்டு இப்படி ஒரு கார் காட்டிவிட்டது. முன்னால் எவ்வளவு வேகம் போகுமோ பின்னாலும் அவ்வளவு வேகம் போகும் என்பதால் பிற்பாடு அங்கே அந்தக் கார்களை ரிவர்ஸில் ஓட்டிப் பந்தயமே வைத்தார்கள். (இது ஒன்றும் நம் ஊருக்குத் தேவையில்லை. இங்கே பஸ் ஸ்டாண்டிலேயே நடக்கிறது.)

"அப்போ இந்த ஏழு கியர்?"

"அது சும்மா மாமா. வழுக்கிட்டே போற பெல்ட்டை ஏழு எடத்துல கம்ப்யூட்டர் நிறுத்திக் காட்டும். ஆளுங்களுக்குக் கியர் மாத்தற ஃபீல் வேணுமாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினேன். 1979-இல் கியர் இருந்தது, விழாது. இப்போது கியர் இல்லை, விழுகிறது. இல்லாததை மாற்றுவதற்கென்று தனிப் பட்டை, அதற்கு டாப் மாடல் விலை. கியரை ஒழிப்பதற்கு ஒரு விலை கொடுத்து, ஒழித்ததை நடித்துக் காட்டுவதற்கு இன்னொரு விலை கொடுத்திருக்கிறோம்.

ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் அதற்குத் தண்டனை கிடைத்தது. ஃபெராரிக்காரன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே வளைவைத் திருப்பிவிடுவான். கொல்லிமலையில் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று சுற்ற வேண்டும். பட்டைகள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றுகின்றன. அரைச் சுற்றில் கூட்டல் இடது பக்கம் வந்துவிட்டது, கழித்தல் வலது பக்கம். எதிரே அரசுப் பேருந்து, ஹாரன், எல்லாம். கியரை இறக்குவதாக நினைத்துக்கொண்டு ஏற்றிவிட்டேன். வண்டி சோர்ந்தது. பதற்றத்தில் வேறொன்றை இழுத்தேன். "டிங்" என்றொரு மணி, எண் கண் சிமிட்டியது. முடியாது என்று அர்த்தமாம். எஞ்சினுக்குக் கேடு வரும் என்று தோன்றினால் கம்ப்யூட்டர் நம் பேச்சைக் கேட்காது. அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை. மாவு இல்லை, தோசை இல்லை. வெறும் டிங். பஸ் டிரைவர்தான் பழைய முறையில் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

மேலே சாமி கும்பிட்டோம், மிளகு வாங்கினோம். ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளைப் பார்த்ததுமே முழங்கால் மறுத்துவிட்டது. அவர்கள் போய்வரும்வரை நான் அன்னாசிப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போதுதான் அந்தப் பட்டைகளுக்கு ஒரு பிழைப்பு இருப்பது தெரிந்தது. வளைவுக்கு முன்னால், ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே கழித்தல், கழித்தல். 2-இல் வைத்தேன். எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. கியர் பொய்யாக இருக்கலாம், பிடிப்பு பொய்யில்லை. உள்ளே எஃகுப் பட்டை எந்த இடத்தில் நின்றாலும் சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கிறது, எஞ்சின் முரண்டு பிடிக்கிறது, வண்டி அடங்குகிறது. முப்பது வளைவுவரை பிரேக்கை வளைவுகளில் மட்டும் லேசாகத் தொட்டேன். முன்னால் போன ஒரு வாடகைக் காரிலிருந்து அந்த வாசனை வந்தது. மகள் கண்ணாடியை ஏற்றப் போனாள். "கொஞ்சம் இரும்மா, மோந்து பாரு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க பிரேக்கே போடலையே?"

"ஏறுன கியர்லயே எறங்கணும்" என்றேன், முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி. பையில் பீடி இல்லாதது ஒன்றுதான் குறை.

மருமகன் முன்பெட்டியிலிருந்து கார் புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். "மாமா, இதுல போட்டிருக்கு. சரிவைத் தெரிஞ்சுக்கிட்டு வண்டியே தானா அடக்கிக்குமாம். டி-லயே விட்டிருக்கலாம்."

"அப்போ நான் என்ன பண்ணினேன்?"

"நீங்களும் பண்ணினீங்கப்பா" என்றாள் மகள். சின்ன வயதில் அவள் அம்மா சப்பாத்தி தேய்க்கும்போது அவளுக்கும் ஒரு உருண்டை மாவு கொடுப்போம். அதே குரல்.

காரவள்ளி டீக்கடையில் நிறுத்தினோம். பெஞ்சில் ஒரு பெரியவர். காக்கிச் சட்டையின் நிறம் போயிருந்தது, காலர் மட்டும் போகவில்லை. லாரிக்காரர் என்று கேட்காமலே தெரிந்தது. எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"ஏனுங், ஆட்டோமேட்டிக்குங்களா? மலைக்கு இழுக்குதுங்களா?"

"இழுக்குதுங்க. கியரும் இருக்குது. ஸ்டியரிங்லயே."

"அம்பாசடர்ல இருந்தாப்லயா?"

"அதே மாதிரிதானுங்க."

தலையை உள்ளே விட்டு, பட்டையை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவை இழுத்துப் பார்த்தார். கீழே குனிந்து ஸ்டியரிங் தண்டின் அடியில் தேடினார்.

"கம்பி எங்கீங்க போகுது?"

"கம்பி இல்லீங்க. ஒயர்தான்."

"சரி. மாட்டிக்கிட்டா?"

பானெட் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. மருமகன் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். தூக்கி நிறுத்தினோம். உள்ளே கறுப்பாக ஒரே பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் கம்பெனி முத்திரை. கையால் திறக்கக்கூடியது என்று பார்த்தால் கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றுகிற மூடி ஒன்றுதான் கண்ணில் பட்டது. பெரியவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கையை உள்ளே விடுவதற்கு எங்காவது சந்து இருக்கிறதா என்று விரலை ஓரமாக ஓட்டிப் பார்த்தார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"மூடிடுங்க," என்றார். "தூசி போயிரும்."